கல்வெட்டும் கணினியும்: வலைச் சேவையக இணைப்பின் வரலாறு

கம்பளை இராசதானியாக விளங்கிய காலத்தில், நான்காம் புவனேகபாகு மன்னனின் ஆட்சியில், கி. பி. 1344 ஆம் ஆண்டு இலங்காதிலக விகாரை எழுந்தது. கம்பளைக்கு வடக்கே உடுநுவரைப் பகுதியில் அமைந்த அக்கோவிலை எடுப்பித்தவர் அமைச்சர் சேனாலங்காதிகாரர். ஒரே கட்டிடத்தின் கிழக்குப் பாகம் புத்தபிரானுக்கும், மேற்குப் பாகம் தேவர்களுக்கும் உரியது. அதற்குரிய கொடைச் சாசனம் ஆங்குள்ள பாறையிலே சிங்களத்திலும் தமிழிலும் பொறிக்கப்பட்டுள்ளது. இரு வேறு மரபினர் ஓரிடத்திற் கூடி இயங்க வேண்டுமாயின், இரு பாலாரும் படித்தறியத்தக்க எழுத்துடன்பாடு இன்றியமையாதது என்னும் உண்மையை அப்பாறை இன்றும் உணர்த்துவதாகக் கொள்ளலாம். கணினி உலகம் இவ்வுண்மையைப் பல இடர்ப்பாடுகளின் பின்னரே கற்றுக்கொண்டது. அவ்வரலாற்றில் இலங்கைக்கும் ஓர் இடம் உண்டு.

இணையத்தில் ஒரு பக்கத்தை வேண்டுவோரின் வேண்டுகோளை முதலில் ஏற்பது வலைச் சேவையகம் என்னும் மென்பொருள். அவ்வேண்டுகோளுக்கேற்ற விடையை ஆக்கித் தருவது செயலி. செயலிகள் பலவற்றுக்கும் பொதுவான வேலைகளை முன்னரே செய்து வைத்திருக்கும் அடிப்படை அமைப்பைச் செயலிச் சட்டகம் என்பர். சேவையகத்தை ஆக்குவோர் ஒரு சாரார்; சட்டகத்தை ஆக்குவோர் வேறொரு சாரார். இரண்டும் தத்தம் போக்கிலே புதிய பதிப்புகளாய் வளர்வன. ஒன்று மாறும்பொழுது மற்றொன்று செயலிழந்து போகாதிருக்கச் செய்வது எவ்வாறு என்பதே ஈண்டு எழும் வினா.

இதற்கு முதல் விடை 1993 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இலினொய் பல்கலைக்கழகத்து மீக்கணிமை நிலையத்திலிருந்து வந்தது. சி.ஜி.ஐ. எனப்பட்ட அவ்வுடன்பாட்டின்படி, சேவையகம் ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் செயலியைப் புதிதாக இயக்கும். வேண்டுகோளின் விவரங்களைச் சூழல் மாறிகளாகக் கொடுக்கும். செயலி வெளியிடுவதை விடையாக அனுப்பும். சேவையகம் எதுவாயினும், செயலி எம்மொழியில் எழுதப்பட்டதாயினும் இம்முறை பொருந்தும். ஆயினும், ஒவ்வொரு முறையும் செயலியை முதலிலிருந்து தொடங்குவதால் வேகம் குன்றியது. வேண்டுகோள்கள் பெருகியவிடத்துக் கணினி திணறியது.

அக்குறையை நீக்க எழுந்த வழி, செயலியைச் சேவையகத்தின் உள்ளேயே ஓர் உறுப்பாகப் பொருத்துதல். 1995 இல் தோன்றிய அப்பாச்சி சேவையகம் இதற்குப் பெயர்பெற்றது. இவ்வழியால் வேகம் கூடிற்று. சார்பும் உடன் கூடிற்று. உள்ளே பொருத்தப்படும் உறுப்பு, சேவையகத்தின் அக அமைப்பை அறிந்திருத்தல் வேண்டும். 1998 இல் வெளிவந்த அப்பாச்சி 1.3 இற்கும் 2002 இல் வெளிவந்த 2.0 இற்கும் இடையே அவ்வக அமைப்பே மாறிவிட்டது. 2005 இன் இறுதியில் வந்த 2.2, 2012 இல் வந்த 2.4 ஆகியவற்றுக்கும் உறுப்புகளை மீளத் தொகுக்க வேண்டியதாயிற்று. ஒவ்வோர் உறுப்பினுள்ளும் ஒரு பதிப்பெண் பொதிந்திருக்கும். அவ்வெண் பொருந்தாதாயின் சேவையகம் அவ்வுறுப்பை ஏற்க மறுத்துவிடும். ஆதலின், பி.எச்.பி. மொழியை ஆக்கியோர் அப்பாச்சி 1.3 இற்கு ஓர் இணைப்பையும் 2.0 இற்கு வேறோர் இணைப்பையும் பேண நேர்ந்தது.

இச்சூழலில் இலங்கையர் ஆற்றிய பணி குறிப்பிடத்தக்கது. 2003 இல் கலாநிதி சஞ்சீவ வீரவரண முன்னின்று நிறுவிய லங்கா மென்பொருள் மன்றத்தைச் சூழ்ந்து, திறந்த மூலமென்பொருள் ஆக்கும் இளைஞர் குழாம் ஒன்று உருவாயிற்று. அப்பாச்சி மன்றத்தின் அக்சிஸ்2 திட்டத்திலும், சி மொழியில் எழுதப்பட்ட அக்சிஸ்2/சி என்னும் வலைச்சேவைச் சட்டகத்திலும் இலங்கையர் பெரும் பங்கு கொண்டனர். அக்சிஸ்2/சி இன் முதலாம் முழுப் பதிப்பு 2007 இல் வெளிவந்தது. அதன் மைய இயந்திரம் எந்தச் சேவையகத்தையும் சாராதது. அப்பாச்சியுடன் பொருத்த ஓர் உறுப்பு, மைக்கிறோசொவ்ற் சேவையகத்துடன் பொருத்த மற்றோர் உறுப்பு, தானே தனித்து இயங்கச் சிறு சேவையகம் ஒன்று என மூவகை வாயில்கள் அதற்கு அமைந்தன. சேவையகம் மாறின் மாற்ற வேண்டுவது வாயிலை மட்டுமே. உள்ளிருக்கும் வீட்டை இடித்துக் கட்ட வேண்டுவதில்லை.

இத்தகைய இணைப்பின் அருமையைத் துயர்மிக்க ஒரு நிகழ்ச்சி நாட்டுக்கு உணர்த்தியது. 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை இலங்கையில் 30,000 இற்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. காணாமற் போனோரைத் தேடவும், முகாம்களில் உள்ளோரைப் பதிவு செய்யவும், உதவி நிறுவனங்களை ஒருங்கிணைக்கவும், தேவைகளை அறிவிக்கவும் லங்கா மென்பொருள் மன்றத்தினரும் தொண்டர்களும் சகன என்னும் மென்பொருளைச் சில வாரங்களுள் உருவாக்கினர். சகன என்பது நிவாரணம் எனப் பொருள்படும் சிங்களச் சொல். பி.எச்.பி. மொழியில் எழுதப்பட்ட அது, எளிதிற் கிடைக்கும் அப்பாச்சி சேவையகத்தில் இயங்கிற்று. 2005 இல் பாக்கிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2006 இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும் அது பயன்பட்டது. இடர் நேரும் நாட்டில் எந்தக் கணினி கிடைக்கும், அதில் எப்பதிப்புச் சேவையகம் இருக்கும் என்பதை எவரும் முன்கூட்டி அறியார். அந்நிலையில் இணைப்புப் பொருந்தாமை என்பது வெறும் தொழில்நுட்பக் குறையன்று. தன் பிள்ளை எந்த முகாமில் இருக்கிறதென அறியத் துடிக்கும் தாய்க்கு விடை தாமதமாதல் என்பதே அதன் பொருள்.

இதற்கிடையில், பைதன் மொழியினர் மீண்டும் எழுத்துடன்பாட்டின் வழியை நாடினர். 2003 டிசெம்பரில் பிலிப் ஈபி என்பார் முன்வைத்த டபிள்யு.எஸ்.ஜி.ஐ. என்னும் ஏற்பாடு மிக எளியது. செயலி என்பது சேவையகம் அழைக்கத்தக்க ஒன்றாய் இருத்தல் வேண்டும். அதனிடம் வேண்டுகோளின் விவரங்களும், விடையைத் தொடங்கும் கருவியும் கொடுக்கப்படும். அது விடையைத் திருப்பித் தரும். சட்டகத்தார் இவ்வுடன்பாட்டை மட்டும் அறிந்தாற் போதும். சேவையகத்தின் பதிப்பு வேறுபாடுகளைச் சமாளிப்பது இடையில் நிற்கும் இணைப்புக் கூறின் பொறுப்பு. 2007 இல் வந்த மொட் டபிள்யு.எஸ்.ஜி.ஐ. என்னும் கூறு அப்பாச்சியின் 1.3, 2.0, 2.2 ஆகிய பதிப்புகள் அனைத்தோடும் தொடக்கத்தில் பொருந்தியது. சகனவும் பின்னர் இவ்வழியையே சார்ந்தது. சகன ஈடன் என்னும் புதிய வடிவம் பைதனின் வெப்2பை சட்டகத்தின்மீது எழுந்து, 2010 இல் ஹெயிற்றி நிலநடுக்கத்தின்போது தொண்டாற்றியது.

உடன்பாடும் காலத்தோடு திருத்தம் பெற வேண்டியதே. பைதனின் மூன்றாம் பதிப்பு எழுத்துகளைக் கையாளும் முறையை மாற்றியமையால், 2010 இல் டபிள்யு.எஸ்.ஜி.ஐ. யும் திருத்தி எழுதப்பட்டது. ஆயினும் அத்திருத்தம் பலரறிய ஓரிடத்தில் நிகழ்ந்தது. ஒவ்வொரு சட்டகத்தாரும் தனித்தனியே தடுமாற வேண்டியிருக்கவில்லை.

அரசுகள் மாறின; கம்பளை தலைநகர் என்னும் நிலையை இழந்தது; எனினும் இலங்காதிலகத்துச் சாசனம் நிலைத்திருக்கிறது. மென்பொருளோ கல்லைப்போல் நெடுங்காலம் நில்லாதது. பதிப்புகள் சில ஆண்டுகளிற் பழமையடைவன. அவற்றுக்கிடையே நிலைத்து நிற்பது, இரு பாலாரும் ஏற்றுத் தெளிவாக எழுதிவைத்த உடன்பாடே. புதியன ஆக்கப் புகும் மாணவர், தம் ஆக்கத்தின் உட்புறத்தை எவ்வளவு நுணுக்கமாகச் செதுக்குவரோ, அவ்வளவு கவனத்தை அதன் வாயிலிலும் செலுத்துதல் வேண்டும். பிறர் வந்து சேரும் வழி அதுவேயாம்.