வட்டவாளின் வரலாறும் கைக்காப்பும்

உளியும் வாளும் நம்மவர்க்கு வெறுங் கருவிகளல்ல. தலைமுறை தலைமுறையாய் நம் குடும்பங்களுக்குச் சோறிட்டு வருபவை. கைவாளின் குணத்தை நாம் தந்தையரருகில் அமர்ந்தே கற்றோம். இக்காலத்து மரவாடிகளிலும் பட்டறைகளிலும் சுழலும் வட்டவாளின் குணத்தை அங்ஙனம் கற்றோமா? அதனிடம் விரலைப் பறிகொடுத்த ஒருவரையேனும் அறியாதார் நம்முள் மிகச் சிலரே. ஆதலின் அதன் சரித்திரத்தையும், அது புகட்டும் பாடத்தையும் ஈண்டுச் சுருங்க உரைப்போம்.

மரத்தைக் குழியின்மீது கிடத்தி, மேலொருவரும் கீழொருவருமாய் நின்று அறுத்தலே பண்டை வழக்கம். வாள் கீழிறங்குங்கால் அறுக்கும். மேலேறுங்கால் உழைப்பு வீண். ஓயாது சுழலும் வட்டத் தகடு இக்குறையைத் தீர்த்தது. இங்கிலாந்தில் சௌதாம்ப்டன் நகரத்துச் சாமுவேல் மில்லர் 1777ஆம் ஆண்டு பெற்ற காப்புரிமைப் பத்திரத்தில் வட்டவாள் குறிக்கப்பட்டுளது. அந்நகரத்து வால்ட்டர் டெய்லர் கப்பற்படைக்குரிய கப்பிகளைச் செய்ய அதனைக் கையாண்டார். பின்னர்ப் போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் புருனேல் என்பார் அமைத்த கப்பி ஆலை, 1808ஆம் ஆண்டளவில் ஆண்டொன்றுக்கு 1,30,000 கப்பிகளை ஈந்தது. முன்பு 110 பேர் செய்த வேலையை அங்கே 10 பேர் முடித்தனர். அமெரிக்காவிலோ, தபிதா பாபிட் என்ற மாது நூற்கும் இராட்டினத்தைக் கண்டு வட்டவாளை அமைத்ததாக ஷேக்கர் சபையார் வழிவழிக் கூறுவர். அக்கதை 1810ஐ ஒட்டிய காலத்தது. மில்லரின் பத்திரமோ அதற்கு முந்தையது.

இங்ஙனம் வேகம் வந்தது, காப்பு வந்ததோ? இங்கிலாந்தின் மரவேலை யந்திர விதிகள் 1922ஆம் ஆண்டிலேதான் பிறந்தன. மில்லரின் பத்திரத்திற்கும் அவ்விதிகளுக்கும் இடையே 145 ஆண்டுகள்! மேசைக்குக் கீழுள்ள வாளின் இருபுறமும் உலோகத் தகடு, மேலே உறுதியான மூடி, வாளின் பின்னே பிளவுக்கத்தி, கையருகே தள்ளுகோல் ஆகிய நான்கையும் அவை கட்டாயமாக்கின.

பிளவுக்கத்தி எதற்கென்பீர்? அறுபட்ட பிளவு மீண்டும் நெருங்கி வாளைக் கவ்வுமாயின், பின்புறத்துப் பற்கள் மரத்தைத் தூக்கி அறுப்பவன் மீதே எறியும். அவன் கையும் வாளை நோக்கி இழுபடும். அப்பிளவை விரித்து நிறுத்துவதே பிளவுக்கத்தி. அது வாளின் தகட்டைவிடத் தடித்தும், பற்கள் அறுக்கும் அகலத்தைவிட மெலிந்தும் இருத்தல் வேண்டும்.

வாளைத் தேர்தலும் காப்பேயாகும். நார் ஓடும் வழியே நீளமாய் அறுக்கப் பற்கள் குறைவாகவும், இடைவெளி ஆழமாகவும் வேண்டும். 10 அங்குல வாளுக்கு 24 பற்கள் தகும். நாருக்குக் குறுக்கே அறுக்கவும், ஒட்டுப்பலகைக்கும் 60 முதல் 80 வரை வேண்டும். இரண்டிற்கும் ஒன்றே போதுமென்பார் 40 அல்லது 50 பல் வாளைக் கொள்க. வாளின்மீது பொறித்த சுழற்சி எண், யந்திரத்தின் சுழற்சிக்குக் குறைந்திருத்தலாகாது. மழுங்கிய வாளை உடனே தீட்டுக. அது மரத்தை அழுத்தித் தள்ளச் செய்யும், அழுத்திய கையே வழுக்கும். வாளை மாற்றுமுன் மின்னிணைப்பைக் கழற்றுக. தொங்கும் துண்டும், தளர்ந்த சட்டைக் கையும், கையுறையும் சுழலும் வாளருகே கூடா. சிறு துண்டுகளைத் தள்ளுகோலாலன்றி விரலால் தள்ளற்க.

1999ஆம் ஆண்டு அமெரிக்கரான ஸ்டீபன் காஸ், தோல் பட்ட மாத்திரத்தில் ஓரிமைப் பொழுதிலும் குறைந்த நேரத்தில் வாளை நிறுத்தும் அமைப்பை இயற்றினார். அத்தகைய யந்திரம் எல்லாப் பட்டறைக்கும் எட்டுவதன்று. நம் நாட்டில் 1948ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தொழிற்சாலைச் சட்டம், யந்திரத்தின் அபாயப் பகுதிகளுக்கு வேலியிடப் பணித்தது. ஆயினும் பத்துப் பேருக்குக் குறைந்த பட்டறைகள் பொதுவாக அதன் எல்லைக்குள் வரவில்லை. நம்மவர் பட்டறைகளிற் பல அத்தகையனவே.

ஆகவே, அன்பர்காள்! இடையூறென்று கழற்றி மூலையில் எறிந்த மூடியையும் பிளவுக்கத்தியையும் இன்றே எடுத்துப் பூட்டுமின். தொழில் பழகவரும் சிறுவனுக்கு, வாளை ஓட்டக் காட்டுமுன் அதனை நிறுத்தக் காட்டுமின். தாய்மாரும் மனைவிமாரும், "மூடி போட்டிருக்கிறதா?" என்று நாடோறும் வினவுவாராக. முறிந்த வாளுக்கு மறுவாள் கடையிலுண்டு. அற்ற விரலுக்கு மறுவிரல் எக்கடையிலும் இல்லை.