வறுபடாத நிலம்

கடகரேகைக்கும் மகரரேகைக்கும் நடுவே கிடக்கும் நிலப்பரப்பைப் பழைய ஆங்கிலப் பூகோள நூல்கள் ‘டாரிட் ஜோன்’ என்றன. ‘டாரிட்’டின் வேர் ‘டொர்ரேரே’ என்ற லத்தீன் வினை. வறுத்தல், உலர்த்துதல் என்று பொருள். ரொட்டியை வாட்டித் தரும் ‘டோஸ்ட்’டும் அதே வேர்தான். தாகத்தைக் குறிக்கும் வடமொழி ‘த்ருஷ்ணா’ இதற்குத் தூரத்து உறவு.

அந்த மண்டலத்தில் வெயில் மனிதரை வாழவிடாது என்று கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் எழுதினார். அப்படியானால் வட அட்சம் 8 பாகையில் இருக்கும் குமரிமுனையில் ஆள் அரவமே இருக்கக் கூடாது. ஆனால் கி.பி. முதல் நூற்றாண்டில் அதே கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘எரித்ரேயக் கடல் பெரிப்ளஸ்’, ‘கோமர்’ என்று குமரியைப் பேர் சொல்லிக் குறிக்கிறது. துறவு பூண நினைப்பவர்கள் வந்து நீராடித் தங்கும் இடம் என்கிறது. கடலோடிகள் கண்ணால் கண்டு சொன்ன பிறகும், வறுபட்ட மண்டலம் என்ற பேர் நூற்றாண்டுக்கணக்கில் ஒட்டிக்கொண்டே வந்தது.

வெயில் இங்கே குறைவில்லை. ஏப்ரல் 10, 11 வாக்கில் உச்சிவேளைச் சூரியன் நாகர்கோவிலுக்கு நேர் மேலே நிற்கும். செங்குத்தாக நட்ட கம்புக்கு நிழல் விழாது. செப்டம்பர் தொடக்கத்தில் மறுபடி அப்படியே நிற்கும்போது, இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை குடித்த கன்னிப்பூ நெல் வயலில் முற்றிக்கொண்டிருக்கும். வறுக்கிற வெயிலா அது? கடல் ஈரம் கலந்த இந்தச் சூட்டுக்கு நம்மிடம் ‘புழுக்கம்’ இருக்கிறது. புழுங்கல் அரிசியிலுள்ள அதே புழுங்குதல்தான். லத்தீன்காரன் வறுசட்டியை நினைத்தான்; நாம் நெல் அவிக்கும் பானையை நினைத்தோம். குமரிக்கரையைப் பொறுத்தவரை நம் சொல்தான் உண்மைக்கு நெருக்கம்.

அதே மண்டலத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் இன்னொரு பேரான ‘ட்ராபிக்’ சூட்டைப் பற்றிப் பேசவே இல்லை. கிரேக்கத்தில் ‘ட்ரோப்பே’ என்றால் திரும்புதல். வடக்கேயும் தெற்கேயும் போகும் சூரியன் திரும்புகிற எல்லை அது. தமிழ்நாட்டில் இதை ‘வெப்பமண்டலம்’ ஆக்கிவிட்டோம். அரிஸ்டாட்டிலின் பழைய வறுசட்டி அந்தச் சொல்லில் ஒளிந்திருக்கிறது. இலங்கைத் தமிழர்கள் ‘அயனமண்டலம்’ என்றார்கள். உத்தராயணம், தட்சிணாயனம் என்பவற்றில் வரும் அயனம், சூரியன் போகும் வழி.

எனக்கு இந்தச் சொல்லே பிடித்திருக்கிறது. நாஞ்சில் நாட்டு விவசாயிக்கும் இது அந்நியமாகாது. அவர் தம் இரண்டு போகங்களுக்கும் பேர் வைத்ததே சூரியன் நிற்கும் ராசியைப் பார்த்துத்தான்: கன்னியில் அறுப்பது கன்னிப்பூ, கும்பத்தில் அறுப்பது கும்பப்பூ. நம் பள்ளிப் புத்தகங்களும் அயனமண்டலத்தை எடுத்துக்கொள்ளலாம்.