தரம் ஒன்றில் யாருடைய பாட்டு?

புது வருசத் தவணை தொடங்க முதல் ஆரம்பப் பிரிவு ஆசிரியர்கள் நேரசூசி போடுவினம். முதன்மொழி, கணிதம், சமயம், சுற்றாடல்சார் செயற்பாடுகள் என்று கட்டங்கள் நிரம்பிவிடும். பாட்டு சுற்றாடல்சார் செயற்பாடுகளுக்குள்ளே ஒரு மூலையில் இருக்கும். சங்கீதம் என்ற பெயரோட தனிப் பாடம் வாறது தரம் 6இல்தான். அதுவும் சித்திரத்தோடும் நடனத்தோடும் நாடகத்தோடும் போட்டி போட்டு, பிள்ளை தெரிவு செய்தால் மட்டும். அதற்கு முதலே புலமைப்பரிசில் பரீட்சை வந்து போய்விடும்.

பிள்ளைக்கு எத்தனை வயதில் இசை சொல்லிக் கொடுக்கத் தொடங்க வேண்டும் என்று ஹங்கேரிய இசையமைப்பாளர் ஸோல்தான் கோடாயிடம் கேட்டபோது, பிறக்க ஒன்பது மாதத்துக்கு முதல் என்றாராம். பிறகு அதையும் திருத்தி, தாய் பிறக்க ஒன்பது மாதத்துக்கு முதல் என்றாராம். எங்கட தரம் 6 அவருக்குத் தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறோம். எங்களில் சிலபேர் பட்டம் முடித்து ஆசிரியராகத்தான் போகப் போகிறோம். அப்படிப் போறவர்களுக்கு இந்த மனுசரின் கதை உதவும் என்பதால் எழுதுகிறோம்.

கோடாய் பிறந்தது 1882இல், கெச்கெமேட் என்ற ஊரில். தகப்பன் ரயில் நிலைய அதிபர். அதனால் சின்ன வயதிலேயே இடம் மாறி, கலாந்தா என்ற சிறு நகரத்தில் கிராமத்துப் பிள்ளைகளோடு படித்து வளர்ந்தார். அந்தக் காலம் ஹங்கேரியின் மேல்தட்டு இசை என்றால் அது பெரும்பாலும் ஜேர்மன் இசை. கிராமத்தவன் பாடுறதை யாரும் இசை என்று கணக்கெடுக்கவில்லை. 1905இல் கோடாய் ஊர் ஊராகப் போய்ப் பாட்டுச் சேகரிக்கத் தொடங்கினார். பிறகு அவருடைய நண்பர் பேலா பார்ட்டோக்கும் சேர்ந்தார். கையில் மெழுகு உருளையில் குரலைப் பதிகிற எடிசன் போனோகிராஃப். வயலிலும் வீட்டு முற்றத்திலும் கிழவிகளைப் பாடச் சொல்லிப் பதிந்தார்கள். 1906இல் இரண்டு பேரும் சேர்ந்து இருபது நாட்டார் பாடல்களைப் பியானோ இசையோடு புத்தகமாகப் போட்டார்கள்.

அப்ப, வகுப்பறைக்கு எப்படி வந்தார்? முதலாம் உலகப் போரில் தோற்ற ஹங்கேரி, 1920 திரியானோன் உடன்படிக்கையில் தன் நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை இழந்தது. கோடாய் வளர்ந்த கலாந்தாவே செக்கோஸ்லொவாக்கியாவுக்குள் போனது. 1919இன் குறுகிய காலப் புரட்சி அரசில் இசைக் கல்லூரியின் துணை இயக்குநராக இருந்ததற்காக அவர் கொஞ்சக் காலம் கற்பித்தலில் இருந்தே விலக்கப்பட்டார். 1925இல் சிறுவர் பாடகர் குழுவுக்கென்று நாட்டார் மெட்டுகளை வைத்து இரண்டு பாடல்கள் அமைத்தார். அதில் இருந்துதான் அவருடைய கவனம் பிள்ளைகள் பக்கம் முழுசாகத் திரும்பியது. 1929இல் எழுதிய கட்டுரையில் ஒரு கணக்குச் சொல்கிறார்: ஒபரா அரங்கின் இயக்குநரைவிட ஒரு கிராமத்துப் பாட்டு வாத்தியார் முக்கியம். இயக்குநர் பிழையானவர் என்றால் அவரைத் தூக்கிவிடலாம். வாத்தியார் பிழையானவர் என்றால் முப்பது வருசத்துப் பிள்ளைகளுக்கும் இசை மேல் வெறுப்பை ஊட்டிவிட்டுத்தான் ஓய்வு பெறுவார்.

"கோடாய் முறை" என்று சொல்லப்படுவதில் பாதி அவர் கண்டுபிடித்ததே இல்லை. ஸ்வரத்தை இடம் மாற்றிப் பாடுகிற முறை இங்கிலாந்தின் நோரிச்சில் சாரா குளோவர் என்ற ஆசிரியை தொடங்கியது. அதை எடுத்து வளர்த்து, ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு கைச்சைகை வைத்தவர் ஜோன் கேர்வன். "தா, தி-தி" என்று தாளத்தைச் சொல்லுகிற வழக்கம் பிரான்சிலிருந்து வந்தது. வகுப்பில் இதையெல்லாம் ஒழுங்காகக் கோர்த்தவர் யெனோ ஆதாம் என்ற அவருடைய சகா. எங்களுக்குப் பிடித்ததே இதுதான். நாலு ஊரில் நல்லது எதுவோ அதை எடுத்து, உள்ளூர்ப் பிள்ளையின் வாய்க்கு ஏற்றமாதிரி ஒழுங்குபடுத்தியிருக்கிறார்கள்.

அந்த ஒழுங்கைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேணும். கோடாய் வகுப்பு ஏழு ஸ்வரத்தோடு தொடங்காது. இரண்டே இரண்டு ஸ்வரம்: "ஸோ", "மி". எங்கட கணக்கில் "ப", "க". தெருவில் யாராவது இன்னொருவரை நீட்டிக் கூப்பிடுறதைக் கவனித்துக் கேளுங்கோ, பலமுறை இந்த இறக்கம்தான் வரும். பிறகு "லா", அதாவது "த". பிறகு ச, ரி. ஐந்தும் சேர்ந்தால் எங்கட மோகனம். ஹங்கேரியின் பழைய நாட்டார் மெட்டுகளும் ஐந்து ஸ்வரத்தவை. அரைச் சுரத் தூரம் சின்னப் பிள்ளையின் குரலில் சரியாக நிற்காது, ஆகவே அது பிந்தி வரட்டும் என்பது கோடாயின் வாதம்.

இப்ப எங்கட பக்கம் பாருங்கோ. சங்கீதம் பழகப் போன எல்லோரும் மாயாமாளவகௌளையில்தான் சரளி வரிசை தொடங்கியிருப்போம். புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படுகிற ஒழுங்கு அது. ச–ரி, க–ம, ப–த, நி–ச என்று நாலு இடத்தில் அரைச் சுரத் தூரம். பாடகராக வரப்போற பிள்ளைக்கு, குருவின் பக்கத்தில் இருந்து பழகும்போது, அது நல்ல அத்திவாரம். ஆனால் தரம் 2 வகுப்பில் முப்பத்தைந்து பிள்ளைகளோடு நிற்கிற ஆசிரியருக்கு அது பொருந்தாது என்று நாங்கள் நினைக்கிறோம். சங்கீதக்காரர்கள் சண்டைக்கு வரலாம், வரட்டும். ஆனாலும் ஒரு வசதி எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஐரோப்பியர் கஷ்டப்பட்டுப் புகுத்திய "இடம் மாறும் ஸ்வரம்" எங்களுக்குப் பிறவியிலேயே தெரியும். "ச" எந்தச் சுருதியிலும் இருக்கலாம்.

1950இல் கெச்கெமேட்டில் மார்த்தா நெமெஸெகி என்ற ஆசிரியையின் தலைமையில் ஒவ்வொரு நாளும் பாட்டு வகுப்பு உள்ள ஆரம்பப் பாடசாலை திறக்கப்பட்டது. 1960களின் நடுப்பகுதிக்குள் அப்படிப்பட்ட பாடசாலைகள் நூற்றுக்கு மேல். 1964இல் புடாபெஸ்ட்டில் நடந்த சர்வதேச இசைக்கல்வி மாநாட்டுக்கு வந்த வெளிநாட்டு ஆசிரியர்கள் இதைப் பார்த்து வாயடைத்துப் போனார்கள். (மக்களை வாய் திறக்க விடாத அரசு ஒன்றின் கீழ்தான் பிள்ளைகள் இவ்வளவு நன்றாகப் பாடினார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.)

இதே காலத்தில் ஜேர்மனியில் கார்ல் ஓர்ஃப் வேறொரு வழி காட்டினார். தேவையில்லாத கட்டைகளைக் கழற்றி வைக்கக்கூடிய சைலபோன். பிள்ளை எதைத் தட்டினாலும் பிழை வராது. அருமையான யோசனைதான், ஆனால் விலை? வாத்தியம் வாங்கக் காசில்லாத பாடசாலைக்குக் கோடாய்தான் சரி. குரலுக்கு யாரும் கேள்விப்பத்திரம் கோரத் தேவையில்லை.

சரி, ஜனவரியில் என்ன செய்யலாம்? கோடாய் வகுப்புகளில் "உட்செவி" விளையாட்டு ஒன்று உண்டு. தெரிந்த பாட்டைப் பிள்ளைகள் பாடிக்கொண்டு போவார்கள். ஆசிரியர் கையை மூடினால் சத்தம் நிற்க வேணும், பாட்டு மட்டும் மனசுக்குள்ளே ஓட வேணும். கையைத் திறந்தால் எல்லோரும் ஒன்றாக அந்த இடத்தில் பிடிக்க வேணும். முதல் நாள் பாதிப் பிள்ளைகள் முந்திவிடுவார்கள், சிரிப்புத்தான். ஒரு மாதம் போக வகுப்பு முழுதும் ஒரே சொல்லில் வந்து விழும். இன்னொன்று: காலால் அளவாக நடை, கையால் பாட்டின் சொற்களுக்குத் தட்டு. பிறகு வகுப்பை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் நடை, மறுபக்கம் தட்டு. பக்கங்களை மாற்றிப் பார்க்கலாம். ப, க இரண்டையும் கைச்சைகையில் மட்டும் காட்டி, பிள்ளைகளைப் பாட விட்டு, பிறகு ஒரு பிள்ளையையே முன்னுக்கு வந்து சைகை காட்ட விடலாம். அதிகம் பேசாத பிள்ளை ஒன்று வகுப்பு முழுவதையும் விரலால் பாட வைக்கிறதை நினைத்துப் பாருங்கோ.

ஆனால் எந்தப் பாட்டு? கோடாயின் விடை: தாய்மொழி மாதிரித் தாய்ப்பாட்டு. எங்களிடமும் நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் "ஆடிப்பிறப்பு" இருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குக் கூழின் வாசத்தோடு வருகிற பாட்டு. ஆனால் ஹற்றன் லயத்துப் பிள்ளைக்கு? காத்தான்குடிப் பிள்ளைக்கு? "எங்கட பாட்டு" என்று சொல்லும்போது அந்த "எங்கட"வுக்குள் யார் நிற்கிறார்கள் என்ற கேள்வி ஹங்கேரியிலேயே இருந்தது. கோடாய் 1925இல் அமைத்த இரண்டு பாடல்களில் ஒன்று ரோமா மக்களை வேடிக்கைப் பொருளாக்கிய நாட்டார் பாட்டு. வகுப்பில் ஒரு ரோமாப் பிள்ளை இருந்திருந்தால் அந்த நாள் எப்படிப் போயிருக்கும்? பார்ட்டோக் இன்னொரு பக்கம் போனார். ஸ்லோவாக்கியப் பாட்டு, ருமேனியப் பாட்டு, அல்ஜீரியாவின் அரபுப் பாட்டு, துருக்கிப் பாட்டு எல்லாம் சேகரித்தார். சொந்த ஊர்த் தேசியவாதிகளிடம் அதற்காகப் பேச்சும் வாங்கினார். 1942இல், இசையில் இனத் தூய்மை என்று ஒன்று தேவையில்லை, கலப்புத்தான் இசைக்கு நல்லது என்று எழுதினார். அது ஹிட்லரின் காலம்.

எங்களுக்குக் கோடாயின் ஒழுங்கும் பார்ட்டோக்கின் காதும் வேணும். முதல் இரண்டு கிழமைக்குள் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு பாட்டுக் கொண்டுவரட்டும். அம்மம்மாவின் தாலாட்டு, மலையகத்துக் கும்மி, மட்டக்களப்பு நாட்டார் பாட்டு, மதரசாவில் பழகிய பைத்து. யார் வீட்டுப் பாட்டு என்று பெயர் சொல்லி வகுப்பு அதைப் பழகட்டும். ப–க எந்தப் பாட்டுக்குள் ஒளிந்திருக்கிறது என்று அவர்களே தேடட்டும்.

சில பிள்ளைகள் சினிமாப் பாட்டோடு வருவார்கள் என்பது நிச்சயம். மலிவான மெட்டுகள் பிள்ளையின் காதைக் கெடுக்கும் என்பது கோடாயின் உறுதியான எண்ணம், அவர் உடனே திருப்பி அனுப்பியிருப்பார். நாங்கள் அனுப்பமாட்டோம். அதையும் ஒருக்கால் பாட விட்டு, கையை மூடிப் பார்ப்போம்.