பார்வையாளர் விசாவில் நின்றுகொண்டு கனடாவில் வாழ்க்கைத்துணை பி.ஆர்.: தெரிந்திருக்க வேண்டியவை

கலியாணம் யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ நடக்கிறது. கணவர் கனடாவுக்குத் திரும்புகிறார். சில மாதங்களில் மனைவியும் பார்வையாளர் விசாவில் போய்ச் சேருகிறார். "இங்கேயே நின்று பி.ஆர். போடலாம்" என்று சொந்தக்காரர் யாராவது சொல்கிறார்கள். அது உண்மைதான், சட்டம் அதற்கு இடம் தருகிறது. ஆனால் விண்ணப்பம் போட்டவுடன் தங்குவதற்கான அனுமதியும் கிடைத்துவிட்டது என்று நினைக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. நிரந்தர வதிவிட விண்ணப்பம் ஒன்று, கனடாவில் தங்கும் அனுமதி இன்னொன்று. முதலாவதைச் சமர்ப்பிப்பதால் இரண்டாவது தானாக நீளாது.

விசாத் திகதி வேறு, தங்கும் திகதி வேறு

கடவுச்சீட்டில் உள்ள விசா பல வருடங்களுக்குச் செல்லுபடியாகலாம். அத்தனை வருடமும் தங்கலாம் என்பது அதன் பொருளல்ல. எல்லை அதிகாரி வேறு திகதி குறிப்பிடாவிட்டால், நாட்டுக்குள் நுழைந்த நாளிலிருந்து 6 மாதங்களே பார்வையாளராக இருக்கலாம். மேலும் தங்குவதற்கு, அந்தக் காலம் முடிவதற்கு முன்பே நீடிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். அப்படி விண்ணப்பித்தவர், முடிவு வரும்வரை சட்டபூர்வமாகத் தங்கலாம். திகதியைத் தவறவிட்டவர்கள் 90 நாட்களுக்குள் அந்தஸ்தை மீளப்பெற விண்ணப்பிக்கலாம்.

பார்வையாளருக்கு வேலை செய்ய அனுமதியில்லை. துணைக்கான பி.ஆர். விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்பட்டதற்கான கடிதம் வந்த பின், தங்கும் அனுமதி உள்ளவர்கள் திறந்த வேலை அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பிக்கலாம். அது கைக்கு வரும்வரை கடையிலோ உணவகத்திலோ "கைக்காசுக்கு" வேலை செய்வது சட்டவிரோதமே.

இரண்டு வகுப்புகள்

துணைக்கான விண்ணப்பத்தை இரண்டு வழிகளில் செய்யலாம். ஒன்று, கனடாவுக்குள் இருக்கும் துணைக்கான வகுப்பு. இதில் இருவரும் கனடாவில் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ வேண்டும். மற்றையது குடும்ப வகுப்பு. இது வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான வழி என்றாலும், பார்வையாளராகக் கனடாவில் தங்கியிருப்பவரும் இதைத் தெரிவுசெய்யலாம்.

விண்ணப்பம் நிராகரிக்கப்படும்போதுதான் இவ்விரண்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு தெரியவரும். குடும்ப வகுப்பில், பெரும்பாலான நிராகரிப்புகளை எதிர்த்து ஸ்பொன்சர் செய்தவர் 30 நாட்களுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். கனடாவுக்குள்ளான வகுப்பில் அந்த உரிமை இல்லை. 15 நாட்களுக்குள் சமஷ்டி நீதிமன்றத்தில் மீளாய்வுக்கு அனுமதி கேட்க மட்டுமே முடியும். முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா, நியாயமானதா என்பதையே நீதிமன்றம் பார்க்கும், பி.ஆர். வழங்காது.

அடுத்தது பயணம். ஊரில் தாய் தகப்பன் சுகமில்லாமல் இருந்தால் இதை முதலிலேயே யோசிக்க வேண்டும். கனடாவுக்குள்ளான வகுப்பில் விண்ணப்பித்தவர் வெளியே போய்த் திரும்பி வர முடியாமல் போனால் அந்த விண்ணப்பம் கைநழுவும். பயணம் செய்ய வேண்டியவர்களுக்குக் குடும்ப வகுப்பே பொருத்தம். ஆனால் அதில் வெளிநாட்டு விசா அலுவலகத்துக்கு நேர்காணலுக்கு அழைக்கப்படலாம்.

அனுமதி காலாவதியானவர்கள்

2005 முதல் நடைமுறையிலுள்ள பொதுக்கொள்கையின்படி, தங்கும் காலம் முடிந்தவர்களும் அனுமதியின்றி வேலை செய்தவர்களும்கூட கனடாவுக்குள்ளான வகுப்பில் விண்ணப்பிக்கலாம். ஆனால் குற்றச்செயல், பாதுகாப்புக் காரணங்கள், பொய்த்தகவல், நாடுகடத்தப்பட்டபின் அனுமதியின்றித் திரும்பி வருதல் ஆகியவற்றை இக்கொள்கை மன்னிக்காது. ஆகவே இதை நம்பித் திகதியைக் கைவிடக்கூடாது. இது விழுந்தவரைத் தாங்கும் வலை மட்டுமே.

மறைப்பதுதான் ஆபத்து

"கலியாணம் முடித்ததைச் சொன்னால் விசா தரமாட்டார்கள், தனியாள் என்று போடுங்கள்" என்று சொல்லும் முகவர்கள் இருக்கிறார்கள். அதே ஆள் பின்னர் துணையாக விண்ணப்பிக்கும்போது பழைய படிவமும் அதிகாரியின் முன் இருக்கும். பொய்த்தகவல் தந்ததாகத் தீர்மானிக்கப்பட்டால் 5 வருடத் தடை வரும். பின்னர் நிரந்தரமாகக் குடியேறும் எண்ணம் இருப்பது மட்டுமே பார்வையாளர் விசாவுக்குத் தடையல்ல என்று கனடியச் சட்டமே சொல்கிறது. அனுமதித்த காலம் முடிந்ததும் வெளியேறுவார் என்று அதிகாரி நம்ப வேண்டும், அவ்வளவுதான்.

போரைக் கடந்து வந்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம். எப்போதாவது தடுத்து வைக்கப்பட்டீர்களா, எந்த அமைப்புகளுடன் தொடர்பிருந்தது, ஆயுதப் போராட்டத்தில் ஈடுபட்டீர்களா என்று படிவங்கள் கேட்கும். விடுதலைப் புலிகள் அமைப்பை 2006 ஏப்ரலில் கனடா பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. "உறுப்பினர்" என்ற சொல்லை அங்கே மிக விரிவாகவே பொருள்கொள்கிறார்கள். புனர்வாழ்வு முகாமில் இருந்தவர்கள், கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்கள் எல்லோரும் படிவத்தில் கைவைப்பதற்கு முன் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரிடம் முழுக்கதையையும் சொல்ல வேண்டும். பயத்தில் "இல்லை" என்று எழுதினால், விளக்கக்கூடிய விடயம்கூட பொய்யாகிவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அகதியாகப் போனவர், பி.ஆர். கிடைத்தபோது ஊரிலிருந்த மனைவியைப் படிவத்தில் காட்டாமல் விட்டிருந்தால், பிற்பாடு அவரை ஸ்பொன்சர் செய்வதற்குச் சட்டம் தடை போடுகிறது. இப்படியானவர்களில் ஒரு பகுதியினருக்காக 2019 செப்டம்பரில் விசேட கொள்கையொன்று கொண்டுவரப்பட்டது. அது தற்காலிகமானது என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் நடைமுறையில் உள்ளதா என்று பார்த்தே செயற்பட வேண்டும்.

ஸ்பொன்சர் செய்பவரும் ஆவணங்களும்

ஸ்பொன்சர் செய்பவர் 18 வயதுக்கு மேற்பட்ட கனடியப் பிரஜையாகவோ நிரந்தர வதிவாளராகவோ இருக்க வேண்டும். வலுவிழப்புக்கான கொடுப்பனவு தவிர்ந்த வேறு அரச உதவிப்பணத்தில் வாழ்பவராக இருக்கக்கூடாது. அவரே துணையாக ஸ்பொன்சர் செய்யப்பட்டு வந்தவரானால், பி.ஆர். கிடைத்து 5 வருடங்கள் ஆகியிருக்க வேண்டும். துணையின் செலவுகளுக்கு 3 வருடங்கள் பொறுப்பேற்பதாகவும் கையெழுத்திட வேண்டும்.

ஸ்பொன்சரின் கையில் தங்கள் அந்தஸ்து இருக்கிறது என்று அஞ்சும் பெண்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். பி.ஆர். கிடைத்தபின் 2 வருடங்கள் சேர்ந்து வாழ வேண்டும் என்ற நிபந்தனை 2017 ஏப்ரலில் நீக்கப்பட்டுவிட்டது. வன்முறையைச் சகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

திருமணப் பதிவுச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், பொலிஸ் சான்றிதழ், அவற்றின் மொழிபெயர்ப்புகள் ஆகியவை தேவை. இடம்பெயர்வில் சான்றிதழ்கள் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி பெறலாம். கலியாண அல்பம் மட்டும் போதாது. ஒரே முகவரிக்கு வரும் கடிதங்கள், கூட்டு வங்கிக் கணக்கு, பிரிந்திருந்த காலத்தில் பேசிய பதிவுகள், பணம் அனுப்பிய பற்றுச்சீட்டுகள் ஆகியவையும் உறவுக்குச் சாட்சி.

காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்ல, சட்டத்தரணிகளுக்கும் உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகர்களுக்கும் ஒன்ராறியோவில் உரிமம் பெற்ற சட்டத்துணையாளர்களுக்கும் கியூபெக்கில் நொத்தாரிசுகளுக்கும் மட்டுமே அனுமதி உண்டு. யார் நிரப்பித் தந்தாலும் கையெழுத்து உங்களுடையது. ஒவ்வொரு பக்கத்தையும் வாசித்து, ஒரு பிரதியை வைத்துக்கொண்ட பிறகே அனுப்புங்கள். தங்கும் அனுமதி முடியும் திகதியைக் கலண்டரில் குறித்து வையுங்கள்.