பொய்யும் 'லை'யும்

பொய்யை நாம் சொல்கிறோம். அந்தப் பழக்கத்தில் ஆத்தூர்ப் பிள்ளைகள் ஆங்கிலத்திலும் 'சே எ லை' என்று எழுதிவிடுவது இயல்புதான். ஆனால் அங்கே 'சே' பொருந்தாது, 'டெல்' வேண்டும்: 'ஹி டோல்ட் எ லை'. 'லை' வினையாகவும் வரும்: 'ஹி லைடு டு மீ'. இதில் 'டு' கட்டாயம். 'லைடு மீ' பிழை.

படுத்துக் கிடப்பதைக் குறிக்கும் 'லை' வேறு சொல். பழைய ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனி வடிவம் இருந்தது. ஒலி தேய்ந்து ஒன்றாயின. உறவுமொழியான ஜெர்மனில் இன்றும் பொய் சொல்வது 'ல்யூகன்', கிடப்பது 'லீகன்'. ஆங்கிலத்தில் இறந்தகாலம்தான் இவற்றைப் பிரித்துக் காட்டும்: பொய்க்கு 'லைடு', கிடந்ததற்கு 'லே'. மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுவே.

தமிழ்ப் பொய்யின் பரப்பு பெரிது. எதிர்பார்த்தது நடவாமல் போவதும் பொய்த்தலே. வசிஷ்ட நதிக்கரை விவசாயி 'மழை பொய்த்துப் போச்சு' என்பார். அதற்கு 'லை' உதவாது. 'தி ரெயின்ஸ் ஃபெயில்டு' என்றே எழுத வேண்டும். பொய்ப்பல்லுக்கோ 'ஃபால்ஸ்'.

ஆசிரியர்களே, 'லை'யைத் தனியே கற்பிக்காதீர்கள். 'டெல் எ லை' என்று தொடராகவே சொல்லிக்கொடுங்கள்.