ஒரு கோப்பில் பல அளவுகள்: ஐசிஓ வடிவத்தின் வரலாறு

1713இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் அச்செழுத்துகள் உருவில் பெரியவை. அவற்றால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. ஆகவே சிறிய எழுத்துகள் இங்கேயே புதிதாக வார்க்கப்பட்டன. உலோக எழுத்தைச் சுருக்க இயலாது. ஒவ்வோர் அளவுக்கும் தனி வார்ப்பு வேண்டும். கணினித் திரையிலும் இதே நெருக்கடி பின்னாளில் எழுந்தது.

1984இல் வெளிவந்த மாக்கின்டோஷ் கணினிக்குச் சூசன் கேர் 32×32 கட்டங்களுக்குள் கறுப்பு வெள்ளையில் சின்னங்களை வரைந்தார். 1990இல் வந்த விண்டோஸ் 3.0இன் சின்னங்களிலும் அவருக்குப் பங்கு உண்டு. இத்துணைச் சிறிய பரப்பில் ஒரு கோட்டின் தடிப்பே ஒரு புள்ளிதான். அப்படத்தைப் பாதியாகச் சுருக்கினால் கோடு மங்கும் அல்லது மறையும். எனவே சிறிய அளவைத் தனியே வரைவதே முறையாயிற்று. அவ்வாறு வரைந்த பல அளவுகளையும் ஒரே கோப்பில் வைக்க இடமளிப்பது ஐசிஓ வடிவம்.

அக்கோப்பின் முதல் 6 பைட்டுகள் அதன் வகையையும் படங்களின் எண்ணிக்கையையும் கூறும். அடுத்து, படத்துக்கு 16 பைட் வீதம் ஒரு பட்டியல்: அகலம், உயரம், நிற ஆழம், பைட் அளவு, படம் தொடங்கும் இடம். அகலத்துக்கு ஒரே பைட் என்பதால் 255ஐ மீற இயலாது. ஆகவே 256ஐக் குறிக்கச் சுழியம் எழுதப்படுகிறது. படத்துக்குள் பதிந்த உயரமோ உண்மை உயரத்தின் இரு மடங்கு. நிறப்படத்துக்குப் பின், எப்புள்ளி ஒளிபுகும் எனக் காட்டும் மறைப்படமும் அதே கணக்கில் சேர்வதே காரணம்.

2001இல் விண்டோஸ் எக்ஸ்பி, புள்ளிதோறும் ஒளிபுகும் அளவைக் குறிக்கும் வசதியைத் தந்தது. புள்ளிக்கு 4 பைட் என்றால் 256×256 படம் 2,62,144 பைட் இடங்கொள்ளும். ஆகவே விண்டோஸ் விஸ்டா, சுருக்கப்பட்ட பிஎன்ஜி படத்தை அப்படியே உள்ளே வைக்க இடமளித்தது. இதனிடையே 1999இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 இணையதளச் சின்னத்துக்கு இவ்வடிவத்தையே ஏற்றதால், அது விண்டோஸ் எல்லையைத் தாண்டிக் கைபேசிக்கும் வந்து சேர்ந்தது.

இன்று கைபேசிச் செயலி ஒன்று இக்கோப்பைத் திறக்கும்போது இவ்வரலாறு முழுவதையும் எதிர்கொள்கிறது. சுழியத்தை அப்படியே நம்பினால் மிகப்பெரிய படம் கைநழுவும். இரட்டித்த உயரத்தை நம்பினால் படம் சிதையும். ஒவ்வொரு படத்தின் தொடக்க பைட்டுகளையும் பார்த்தே அது பிஎன்ஜியா, பழைய பிட்மேப்பா எனத் துணிய வேண்டும். பிறகு, திரைக்கு வேண்டிய அளவுக்கு நிகரானதை, அது இல்லையேல் அதற்கு அடுத்த பெரியதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மிகப்பெரிய படத்தை மட்டும் எடுத்துச் சேமித்தால் போதும் என்பது ஆவணக் காப்பில் எளிதில் நேரும் பிழை. அதில் 16 புள்ளிக்கெனக் கையால் வரைந்த படம் அழிகிறது. பெரியதைச் சுருக்கி அதனை மீட்க முடியாது. ஹாலேயின் பெரிய எழுத்தை மட்டும் காத்து, தரங்கம்பாடியின் சிறிய வார்ப்பைக் கைவிடுவதற்கு ஒப்பானது அது. காக்கப்பட வேண்டியது படம் மட்டுமன்று, முழுக் கோப்பும்தான்.