பனச்சமூட்டின் எல்லைக்கோடும் காப்பீட்டு அட்டையும்: தென் திருவிதாங்கூர் மருத்துவ வரலாற்றை முன்வைத்து

சுகாதாரக் காப்பீடு குறித்த விவாதங்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியில் வந்து நின்றுவிடுகின்றன: காப்பீட்டை நடத்த வேண்டியது அரசா, தனியார் நிறுவனமா? மாநிலத் தலைநகரங்களிலிருந்து நோக்கும்போது இக்கேள்வி முழுமையானதாகத் தோன்றலாம். பனச்சமூடு போன்ற எல்லையூரிலிருந்து நோக்கினால் அதன் போதாமை உடனே புலப்படும்.

கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டமும் தமிழகத்தின் விளவங்கோடு வட்டமும் கைகோக்கும் இடத்தில் உள்ள சந்தையூர் பனச்சமூடு. ஒருபுறம் வெள்ளறடை, காரக்கோணம், பாறசாலை. மறுபுறம் அருமனை, களியக்காவிளை, குழித்துறை. ரப்பர் மரங்களும் உறவுமுறைகளும் இருபுறமும் ஒன்றே. தமிழும் மலையாளமும் ஒரே வீட்டில் புழங்கும். மாநிலக் கோடு இங்கு அன்றாட வாழ்வைத் தடுப்பதில்லை; ஆயினும் ஒருவர் நோயுற்று மருத்துவமனை வாசலில் அட்டையை நீட்டும் கணத்தில் அது திடீரென்று உயிர்பெறுகிறது. இக்கோட்டுக்கு அத்தகைய வலிமை எப்போது வந்தது என்பதே இங்கு எழுப்பப்படும் வரலாற்றுக் கேள்வி.

1956 நவம்பர் 1க்கு முன்னர் இப்பகுதி முழுவதும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தது. திருவிதாங்கூர் அரசு 1813 அளவில் ராணி கௌரி லட்சுமிபாய் காலத்தில் அம்மைத் தடுப்பூசியை அறிமுகப்படுத்தியது. ஆயில்யம் திருநாள் காலத்தில், 1865இல், திருவனந்தபுரம் பொது மருத்துவமனை தொடங்கப்பெற்றது. அதற்கும் முன்பே, 1838இல், இலண்டன் மிஷன் சங்கத்தின் மருத்துவர் ஆர்ச்சிபால்டு ராம்சே நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கியிருந்தார். 1922இலும் 1924இலும் எவரெஸ்ட் பயணக் குழுக்களில் இடம்பெற்ற அறுவை மருத்துவர் தியோடர் ஹோவர்டு சாமர்வெல், தம் வாழ்வின் முக்கியமான ஆண்டுகளை அந்த நெய்யூரில் செலவிட்டார். காரக்கோணத்திலுள்ள தென்னிந்தியத் திருச்சபையின் மருத்துவக் கல்லூரி இன்று அவர் பெயரையே தாங்கியுள்ளது. நெய்யூர் தமிழகத்திலும் காரக்கோணம் கேரளத்திலும் இருப்பது பிற்கால எல்லைப் பிரிப்பின் விளைவு, மரபு ஒன்றே.

அரசு தனியாருக்குப் பணம் அளித்து மக்களுக்குச் சிகிச்சை பெற்றுத்தரும் வழக்கமும் இங்கு காப்பீட்டுடன் பிறந்ததன்று. ஆயுர்வேத வைத்தியசாலைகளுக்குத் திருவிதாங்கூர் அரசு மானியம் வழங்கியது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் துணையோடு கொக்கிப்புழு ஒழிப்பும் பொதுச் சுகாதாரப் பணிகளும் விரிவடைந்த காலத்தில், நெய்யாற்றின்கரையில் ஒரு மாதிரிச் சுகாதாரப் பிரிவு செயல்பட்டது. அரசு மருத்துவமனை, மிஷன் மருத்துவமனை, மானிய வைத்தியசாலை, சுகாதாரப் பிரிவு ஆகிய நான்கிலும் ஒரு பொதுக்கூறு இருந்தது. பணம் நிறுவனத்துக்குச் சென்றது. நோயாளி அந்நிறுவனத்தின் வாசலுக்கு வந்ததே அவருடைய உரிமைக்குப் போதுமான சான்றாக இருந்தது. நடைமுறையில் சாதியும் தொலைவும் பலரைத் தடுத்தன என்பதை மறுக்க இயலாது. எனினும் விதியளவில், பெயர்ப் பட்டியல் ஒன்றில் இடம்பெற்றவருக்கே சிகிச்சை என்ற கருத்து அன்று உருவாகியிருக்கவில்லை.

காப்பீடு என்னும் மாற்றுவழி இந்தியாவில் 1940களில் முறையாக விவாதிக்கப்பட்டது. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1883இல் கொண்டுவந்த தொழிலாளர் நோய்க் காப்பீடும், பிரிட்டனில் 1942இல் வெளிவந்த பெவரிட்ஜ் அறிக்கையும் இருவேறு முன்மாதிரிகளாக முன்னின்றன. பி. பி. அதார்க்கர் 1944இல் ஆலைத் தொழிலாளருக்கான காப்பீட்டுத் திட்டத்தை வரைந்தளித்தார். அதன் வழியில் 1948இல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. 1946இல் அறிக்கை அளித்த போர் குழு, ஒட்டுமொத்த மக்களுக்கும் வேறு பாதையைத் தேர்ந்தது. தவணை கட்டும் வலிமை பெரும்பாலோரிடம் இல்லாத நாட்டில், வரிப்பணத்தால் நடக்கும் அரசு மருத்துவச் சேவையே பொருந்தும் என்பது அதன் முடிவு.

இவ்விரு பாதைகளுக்கும் நடுவே இடறி விழுந்தவர்களைப் பனச்சமூட்டில் எளிதில் காணலாம். தொழிலாளர் அரசுக் காப்பீடு முந்திரி ஆலை போன்ற ஆலைகளுக்கே முதன்மையாகப் பொருந்தியது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் பெருந்தோட்டங்களுக்கு மட்டுமே மருத்துவக் கடமையை விதித்தது. சிறு நிலங்களில் ரப்பர் பால் வடிப்பவர், சந்தைச் சுமை தூக்குபவர், கட்டட வேலைக்குச் செல்பவர் ஆகிய எவரும் இவற்றுள் அடங்கவில்லை. அவர்களுக்கு எஞ்சியது அரசு மருத்துவமனை ஒன்றே.

1956இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. மார்ஷல் நேசமணி முதலானோர் முன்னெடுத்த போராட்டத்தின் வெற்றி அது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் கோரிக்கையில் இடம்பெற்றிருந்த நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. மருத்துவ நோக்கில் இப்பிரிவினை ஒரு முரணை விட்டுச்சென்றது. 1951இல் தொடங்கப்பெற்ற திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரி எல்லைக்கு அப்பால் ஆயிற்று. குமரி மாவட்டத்துக்குத் தனக்கென ஓர் அரசு மருத்துவக் கல்லூரி ஆசாரிபள்ளத்தில் அமைந்தது ஏறத்தாழ 45 ஆண்டுகள் கழித்தே. இடைப்பட்ட காலத்தில் விளவங்கோட்டு நோயாளிகள் முன்போலவே திருவனந்தபுரத்துக்குச் சென்றுகொண்டிருந்தனர். நிலம் பிரிந்தது, நோயாளியின் பாதை பிரியவில்லை.

அப்பாதையில் முதல் தடுப்பாக வந்தது அட்டை. பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் 1973இல் நாட்டுடைமையான பின், 1986இல் மெடிக்கிளெய்ம் அறிமுகமானது. அது தவணை கட்ட இயன்ற நடுத்தர வகுப்புக்கானது. 1999ஆம் ஆண்டுச் சட்டம் காப்பீட்டுத் துறையைத் தனியாருக்குத் திறந்துவிட்டது. ஏழைகளுக்கு அரசே தவணை கட்டும் முறை அதன் பிறகே வலுப்பெற்றது. 2008இல் தொடங்கிய ராஷ்ட்ரிய ஸ்வாஸ்திய பீமா யோஜனா, ஐவர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை அளித்தது. பதிவுக்கட்டணம் 30 ரூபாய்.

அதன்பின் இரு மாநிலங்களும் தத்தம் வழியில் நடந்தன. தமிழகத்தில் 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. அதை நடத்தியது ஸ்டார் ஹெல்த் என்னும் தனியார் நிறுவனம். 2012 ஜனவரியில் அதன் இடத்தில் வந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், பொதுத்துறையைச் சேர்ந்த யுனைடெட் இந்தியா நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 2018இல் அது ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது. கேரளத்தில் லாட்டரி வருமானத்தைக் கொண்டு இயங்கிய காருண்ய நிதி ஒருபுறமும், விரிவான காப்பீட்டுத் திட்டம் மறுபுறமும் இருந்தன. 2019 ஏப்ரலில் காருண்ய ஆரோக்கிய சுரக்ஷா பத்ததி உருவாயிற்று. முதலாண்டில் அதை ஏற்ற ரிலையன்ஸ் ஜெனரல் விலக, 2020 ஜூலை முதல் மாநிலச் சுகாதார முகமையே நேரடியாக நடத்துகிறது. கேரளத்தில் 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இதன் கீழ் வருகின்றன. இன்று இரு திட்டங்களின் உச்சவரம்பும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய்.

இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்தால் ஓர் ஒற்றுமை தெரியும். இரு மாநிலங்களும் தனியார் காப்பீட்டு நிறுவனத்தில் தொடங்கி, வெவ்வேறு கட்சிகளின் ஆட்சியில், அதிலிருந்து விலகின. தமிழகம் பொதுத்துறை நிறுவனத்துக்கும் கேரளம் அரசு முகமைக்கும் மாறின. அவ்வகையில் 'அரசா, தனியாரா' என்ற விவாதம் இங்கே ஏறத்தாழ முடிந்துபோன ஒன்று. ஆனால் இழப்பை ஏற்பவர் மாறியபோதும் மற்ற மூன்றும் மாறவில்லை: பயனாளிப் பட்டியல், சிகிச்சைக்கு ஒரு தொகை என்னும் கட்டண முறை, அரசு மருத்துவமனைகளோடு தனியார் மருத்துவமனைகளிடமிருந்தும் சிகிச்சையை விலைக்கு வாங்கும் ஏற்பாடு. நோயாளி எதிர்கொள்வது இம்மூன்றையே. காப்பீட்டு நிறுவனத்தின் உரிமையாளரை அவர் சந்திப்பதே இல்லை.

பட்டியல்தான் எல்லையூரில் மிகக் கூர்மையாக வெட்டுகிறது. தமிழகத் திட்டத்துக்குத் தமிழகக் குடும்ப அட்டையும் கிராம நிர்வாக அலுவலர் தரும் வருமானச் சான்றும் அடிப்படை. கேரளத் திட்டத்துக்கு அம்மாநிலப் பதிவு வேண்டும். அருமனையிலிருந்து வெள்ளறடைக்கு மணம் முடித்துச் செல்லும் பெண்ணை எண்ணிப் பார்க்கலாம். பிறந்த வீட்டு அட்டையிலிருந்து பெயர் நீங்கி, புகுந்த வீட்டு அட்டையில் சேர்ந்து, அங்குள்ள காப்பீட்டுப் பட்டியலிலும் ஏறும் வரை அவர் எந்த மாநிலத்தின் நோயாளியும் அல்லர். ஆயுஷ்மான் திட்டத்தின் கீழ் நாடெங்கும் சிகிச்சை பெறலாம் என்பது விதி. எனினும் அது ஒன்றிய அரசின் பட்டியலில் உள்ள குடும்பங்களுக்குரியது. மாநிலங்கள் தம் நிதியில் கூடுதலாகச் சேர்த்துக்கொண்ட குடும்பங்களுக்கு மாநில எல்லையே காப்பீட்டின் எல்லை. கருணை மிகுதியால் பட்டியலை விரித்த மாநிலங்களில்தான், எல்லையில் நிற்கும் ஏழைக்கு இந்தச் சிக்கல் அதிகம் என்பது கசப்பான முரண்.

காப்பீட்டின் பயனைக் குறைத்து மதிப்பிடுவதும் நேர்மையாகாது. இதய அறுவை, புற்றுநோய்ச் சிகிச்சை, சிறுநீரகச் சுத்திகரிப்பு ஆகியவற்றுக்கு நகையையும் நிலத்தையும் இழந்த குடும்பங்கள் பல; அட்டை அவர்களுள் பலரைக் காத்தது. அரசு மருத்துவமனைகளும் இத்திட்டங்களின் வழியே தொகை பெறுகின்றன. ஆனால் இத்திட்டங்கள் பெரும்பாலும் உள்நோயாளிகளுக்கானவை. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதந்தோறும் வாங்கும் மாத்திரையின் செலவு அவற்றுள் அடங்காது. முதியோர் மிகுந்த தென் கேரளத்திலும் குமரியிலும் குடும்பங்களை மெல்ல அரிப்பது இச்செலவே. அதற்கு இரு அரசுகளும் தேடிய விடை காப்பீடு அன்று என்பது கவனிக்கத்தக்கது. 2017இல் கேரளம் தொடங்கிய ஆர்த்ரம் இயக்கம் ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப சுகாதார நிலையங்களாக உயர்த்தியது. 2021இல் தமிழகம் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மருந்தை வீட்டுக்கே கொண்டுசென்றது. இரண்டும் போர் குழு காட்டிய நேரடிச் சேவையின் வழியில் வருபவை.

பட்டியலைத் துறந்த இன்னொரு முயற்சியும் உண்டு. 2021 டிசம்பரில் தமிழகம் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழக எல்லைக்குள் சாலை விபத்துக்குள்ளாகும் எவருக்கும், அவர் எம்மாநிலத்தவர், எந்நாட்டவர் ஆயினும், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பொறுப்பேற்கிறது. களியக்காவிளைச் சாலையில் விழுந்தவர் பாறசாலைக்காரரா, குழித்துறைக்காரரா என்று அத்திட்டம் கேட்பதில்லை. பழைய மருத்துவமனை வாசலின் விதி காப்பீட்டு யுகத்துக்குள் மீண்டும் நுழைந்த இடம் இது.

எதிர்மறைச் சான்று வடகேரளத்திலிருந்து கிடைக்கிறது. 2020 மார்ச்சில் கர்நாடகம் காசர்கோட்டு எல்லைச் சாலைகளை மூடியபோது, மங்களூர் மருத்துவமனைகளையே நம்பியிருந்த நோயாளிகள் வழியிலேயே தவித்தனர், உயிரிழப்புகளும் நேர்ந்தன. ஏப்ரல் 1 அன்று கேரள உயர்நீதிமன்றம் தலையிட வேண்டியதாயிற்று. எல்லை மக்களின் மருத்துவப் பாதை பழக்கத்தின் பலத்தில் மட்டுமே நிற்கிறது, உரிமையின் பலத்தில் அன்று என்பதை அந்நிகழ்வு காட்டியது.

எனவே சுகாதாரச் சீர்திருத்தம் பற்றிய ஆய்வுகள் காப்பீட்டின் உடைமையைக் கேட்பதோடு நின்றுவிடலாகாது. உரிமை எதனோடு பிணைக்கப்பட்டுள்ளது என்றும் கேட்க வேண்டும்: பட்டியலில் உள்ள பெயரோடா, மருத்துவமனை வாசலில் நிற்கும் உடலோடா? நெய்யாற்றின்கரை, விளவங்கோடு வட்டங்களின் மக்கள் ஒருவர் பட்டியலை மற்றவர் ஏற்கும் ஓர் உடன்படிக்கை இரு மாநிலங்களுக்கும் இடையே அமையுமாயின், அதற்குப் புதிய தத்துவம் எதுவும் தேவைப்படாது. இப்பகுதி ஏற்கெனவே அறிந்திருந்த ஒன்றை நினைவுகூர்வதே போதுமானது.